மெய்யெனச் சான்றளிக்கப்பட்ட மட்டை

இதனால் வலையபட்டி, கானாடுகாத்தான், கோவிலூர், காரைக்குடி மற்றும் சுற்றுவட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் பகிரங்கமாக அறிவிக்கப்படுவது யாதெனில்: விளையாட்டுலக மாவீரர்கள் தம் திருக்கரத்தால் கையொப்பமிட்ட பொருள்களில் மெய் எது, பொய் எது என்று தீர விசாரித்து, தங்க விளிம்பிட்ட சான்றிதழ் வழங்கும் பொருட்டு, பாரத தேசத்திலேயே முதன்முறையாக, 'செட்டிநாட்டு விளையாட்டுப் பொருள் மெய்ப்பிப்புக் கழகம்' என்னும் மகத்தான ஸ்தாபனம் வலையபட்டி தே.வெ. இல்லத்தில் உதயமாகிவிட்டது. இனி இந்தப் பிராந்தியத்தில் பொய்க்கு இடமில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் ரோஸ் காகிதத்தில் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டிய நோட்டீஸ் இது. கோவிலூர் சலூன் சுவரில் ஒட்டியிருந்ததைச் சேவுகன் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு எழுந்து நின்று படித்தார். படித்து முடித்ததும் பெஞ்சில் காத்திருந்த உரக்கடை வீரணன் பக்கம் திரும்பினார்.

"இனி என்னய்யா சொல்லுவ?"

வீரணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மொதல்ல மிச்சக் கன்னத்தச் செரைச்சுக்கிட்டு வாங்கண்ணே. பெறகு சொல்றேன்."

இருவருக்கும் நடுவே ரொம்ப நாளாக நடக்கிற வழக்கு அது. இன்றைக்குச் சேவுகனுக்குத் தொந்தி உண்டு. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நிலமும், 'அம்பலம்' என்று ஊர் மரியாதையாகக் கூப்பிடுகிற பட்டமும் உண்டு. குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்குவதும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் அவர் காரைக்குடி பூப்பந்து அணியில் ஆடியவர். மஞ்சள் கம்பளிப் பந்தும் நரம்பு கட்டிய மர மட்டையுமாக ஐந்து பேர் ஐந்து பேராக நின்று ஆடுகிற அந்த ஆட்டத்தில், அப்போது மாகாணத்துக்கே ராஜாவாக இருந்தவர் திருவையாறு சாரங்கபாணி. அவர் தன் அணியோடு ஒருமுறை காரைக்குடிக்கு வந்து ஆடினார். உள்ளூர் அணி படுதோல்வி அடைந்தது. அதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கருத்து வேற்றுமை ஒரே ஒரு பாயிண்டைப் பற்றித்தான். வலையோரம் சாரங்கபாணி வெட்டிப் போட்ட பந்தைச் சேவுகன் தரையில் விழுந்து உருண்டு எடுத்து, அவர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். சாரங்கபாணி பின்னால் ஓடினார். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. ஆட்டம் முடிந்ததும், "யாருய்யா அந்த உருண்ட ஆளு?" என்று கேட்டு வந்தவர், சேவுகனின் மட்டையை வாங்கி, அதன் கழுத்துக்கட்டையில் தன் மைப்பேனாவால் எழுதினார்: 'உருண்டு எடுத்த தம்பிக்கு, சாரங்கபாணி.'

அந்தப் பாயிண்ட் நடந்த சமயத்தில் வீரணன் சர்பத் குடிக்கப் போயிருந்தான்; கையெழுத்துப் போட்ட பிறகுதான் திரும்பி வந்தான். தான் பார்க்காத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவில்லை என்பது அவன் கட்சி. "நீங்களா எழுதிக்கிட்டதுண்ணே. கோணக் கையா எழுதுனா சாரங்கபாணி ஆயிருமா?" என்பான். சலூன் பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்றால், கூட ஆடியவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்; போன வருஷம் சாரங்கபாணியும் செத்துப்போனார். அந்த ஒரு பாயிண்டுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த ஒரு வரி மை.

"மெட்ராஸ்லேருந்து கையெழுத்து நிபுணர் வாராராம். அவரு பாத்து நெசம்னு எழுதிக் குடுத்துட்டா?" என்றார் சேவுகன்.

"குடுத்துட்டா, இந்தச் சலூன்ல வச்சே ஒங்க கால்ல விழுகுறேன்."

"பெஞ்சுல இருக்கிறவுக எல்லாரும் கேட்டுக்கிருங்க" என்றார் சேவுகன். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

வீட்டில் மட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவி மலையம்மாள் வந்து நின்றாள்.

"அதத் தூக்கிக்கிட்டு எங்குட்டுப் போறீக?"

"வலையபட்டிக்கு. கையெழுத்து நெசமான்னு பாக்குறாக."

"நெசந்தானே?"

"நெசந்தான்."

"பெறகு என்னத்தப் பாக்குறாக?"

"நெசம்னு எழுதித் தருவாகடி. சர்டிபிகேட்டு."

"நமக்குக் கலியாணம் ஆனதுக்கு எவன் எழுதிக் குடுத்தான்? இத்தன வருசமாக் குடும்பம் நடக்கலயா?"

"அத யாரும் சந்தேகப்படலயே."

"நான் படுறேன்" என்றாள் மலையம்மாள். "அந்தத் துண்டு நாளைக்குக் குளிக்க வேணும். வேற துணியில சுத்துங்க."

வலையபட்டி தே.வெ. வீட்டின் அதிபரும் கழகத் தலைவருமான வயிரவன் செட்டியாருக்கும் விளையாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் அவர் ஒரே ஒருமுறை ஓடியிருக்கிறார், ரயிலைப் பிடிக்க. ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஓடவில்லை. பினாங்கில் இருந்தபோது ஒரு துரை தன் வீட்டில் கையெழுத்திட்ட கால்பந்து ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பக்கத்திலேயே சான்றிதழையும் மாட்டியிருந்ததைப் பார்த்தார். பந்தை அவர் கவனிக்கவில்லை. சான்றிதழின் சட்டம் மனதில் நின்றுவிட்டது.

அந்த வீட்டில் செட்டியாருக்கு மேலே ஒரு சட்டம் உண்டு. அதை நடத்துகிறவர் அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சி. வாசல் தாண்டி உள்ளே வந்த எந்தச் சாமானும் வீட்டு விலாசம் வெட்டாமல் வெளியே போகக் கூடாது. செட்டியாரின் தாத்தா தேனப்பன், அப்பா வெள்ளையன்; அவர்கள் பேரின் முதலெழுத்துதான் விலாசம், ஆகவே தே.வெ. அண்டாவில் தே.வெ., இடியாப்பக் கட்டையில் தே.வெ., ஊஞ்சல் பலகையில் தே.வெ., செட்டியார் வெற்றிலை துப்புகிற பித்தளைப் படிக்கத்தில் சற்றுப் பெரிதாகவே தே.வெ. கலியாணம் காட்சியென்றால் பங்காளி வீட்டுச் சாமான்களெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். விலாசத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். விலாசம் யாருடையதோ சாமான் அவர்களுடையது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சேவுகன் துணியைப் பிரித்து மட்டையைக் காட்டியபோது ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன அம்பலம், அப்பளம் வடிகட்டுறதா?"

"பூப்பந்து மட்டை ஆச்சி."

"அழுக்கா இருக்கே. சரி, அந்தச் சாமான் அறையில வைங்க. நாளைக்கு ஆசாரி வாராரு."

ஆசாரி வருவதற்கும் தன் மட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று சேவுகன் கேட்டிருக்கலாம். சான்றிதழ் நினைப்பில் இருந்தவருக்கு அது காதில் விழவில்லை. ஒரு ரசீது மட்டும் கேட்டுப் பார்த்தார்.

செட்டியார் சிரித்தார். "எங்க வீட்டுல எதும் தொலஞ்சதே இல்ல அம்பலம்."

உண்மைதான். பிறத்தியார் சாமான்கூடத் தொலைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் மெய்ப்பிப்புப் பெருவிழா. வீட்டின் பெரிய கூடத்தில் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கு நடுவே மேடை. இரண்டாவது வரிசையில் சேவுகன் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வீரணன், பின்னால் சலூன் பெஞ்சு மொத்தம். எல்லாருக்கும் சேவுகனே பஸ்ஸுக்குக் கொடுத்து அழைத்து வந்திருந்தார். கால்ல விழுகிறேன் என்றவன் விழுவதைப் பார்க்க ஆள் வேண்டாமா?

மேடையில் சென்னையிலிருந்து வந்த கையெழுத்துக் கலாநிதி ராமதுரை. அவருடைய பூதக்கண்ணாடிக்குத் தனியாக ஒரு வெல்வெட் மெத்தை. "சான்றிதழ் இல்லாத பொருள் வெறும் பொருள். சான்றிதழ் உள்ள பொருள்தான் சரித்திரம்" என்று அவர் தொடங்கினார். சான்றிதழ் இல்லாத மட்டை விறகு என்றார். சான்றிதழ் இல்லாத பந்து காற்று என்றார். சான்றிதழ் இல்லாத மனிதனைப் பற்றிச் சொல்ல வந்தவர் சோடா வந்ததால் நிறுத்திக்கொண்டார்.

முதலில் சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளையின் கொம்பில் கட்டியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு துண்டு. காளை கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் கலாநிதி அதை முகர்ந்து பார்த்தார். மெய் என்றார். கைதட்டல். அடுத்து ஒரு கைப்பந்து நடுவரின் விசில். ஊதிப் பார்த்தார். அதுவும் மெய். ஆக, கழகம் பிறந்ததிலிருந்து ஒரு பொய்யும் அகப்படவில்லை. செட்டியார் பூரித்துப்போனார்.

"அடுத்து, அமரர் திருவையாறு சாரங்கபாணி கையொப்பமிட்ட பூப்பந்து மட்டை!"

சிவப்புப் பட்டுத் துணியை விலக்கினார்கள். மட்டை புதுப்பெண் மாதிரி எண்ணெய் மினுமினுப்போடு கிடந்தது. சேவுகனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். அவர் மட்டை இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

கலாநிதி பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"மசியால் எழுதுவது மனிதர் வழக்கம். இவரோ மரத்தில் பொறித்திருக்கிறார்! உளியின் ஆழத்தைப் பாருங்கள். வளைவில் ஒரு தயக்கம் உண்டா? இதே கை, இதே வேகம், வலையோரம் பந்தை வெட்டிய அதே மணிக்கட்டு! தன் பெயரைக்கூட எழுதவில்லை. தே.வெ. என்ற இரண்டே எழுத்து. தேசிய வெற்றியாளர்! என்ன அடக்கம்! மெய்! முக்காலும் மெய்!"

கூடம் அதிரக் கைதட்டல். செட்டியார் மட்டும் ஒரு கணம் தட்டவில்லை. தன் விலாசத்தை அவருக்கே இன்னொருவர் விளக்கம் சொல்லிக் கொடுப்பதை அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். பிறகு, சென்னையிலிருந்து ரயில் செலவு கொடுத்து வரவழைத்த மனிதர் சொல்வது தப்பாக இருக்க முடியாது என்று முடிவு கட்டி, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

சேவுகன் எழுந்து நின்றார்.

"ஐயா! அது கையெழுத்து இல்லய்யா! அது இந்த வீட்டு விலாசம்!"

"யாரது?" என்றார் கலாநிதி.

"மட்டைக்குச் சொந்தக்காரன். நாங் குடுக்கும்போது மையில எழுதியிருந்துச்சு. 'உருண்டு எடுத்த தம்பிக்கு'ன்னு. இப்ப அந்த எடத்துல அண்டாவுல வெட்டுற எழுத்து இருக்கு! அந்தா, அந்த ஊஞ்சலப் பாருங்க! ஒங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற நாற்காலியப் பாருங்க!"

கலாநிதி திரும்பவில்லை. ஆராய்ச்சிக்குக் கொண்டுவரப்படாத பொருளை அவர் பார்ப்பதில்லை. "உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். மெய்யை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு இப்படித்தான் வரும்" என்றார். யாரோ கண்ணைக் காட்ட, நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் சேவுகன் கத்தியது பக்கத்தில் இருந்த வீரணனுக்கே கேட்கவில்லை.

அவர் விறுவிறுவென்று வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டுக்குப் போனார். அங்கே நாச்சியம்மை ஆச்சி அடுத்த பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, மட்டைய என்ன செஞ்சீக?"

"பாத்தீகளா? எப்புடிப் பளபளன்னு இருக்கு! மையக் கொட்டி அழுக்கா வச்சிருந்தீகளே, சீயக்காய் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். லேசுல போகல. தேங்காய் நாரு வச்சுத் தேச்சாக."

"ஆச்சி, அந்த மைதான் கையெழுத்து."

ஆச்சி எண்ணுவதை நிறுத்தினார். "அதுவா? அத ஏம்ப்பா கழுவுனாப் போறதுல எழுதுனாரு? நாங்கள்லாம் வெட்டித்தான் வைப்போம்."

அதற்குள் செட்டியார் வந்துவிட்டார். ஒரு கையில் தங்க விளிம்புச் சான்றிதழ், மறு கையில் பேனா.

"அம்பலம், சபையில அப்படிப் பேசலாமா? சரி போகட்டும். உரிமையாளர்ங்கிற எடத்துல இன்னும் பேரு எழுதல. நீங்களே சொல்லுங்க. மட்டையில இருக்கிறது சாரங்கபாணி கையெழுத்துன்னா மட்டை ஒங்களுது. சான்றிதழோட எடுத்துக்கிட்டுப் போங்க. இல்ல, அது எங்க விலாசந்தான்னா..." அவர் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "எங்க விலாசம் வெட்டுன சாமான் யாரு வீட்டுச் சாமான்னு நாட்டுக்கே தெரியும்."

இப்படி ஒரு நியாயத்தைச் சேவுகன் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. பொய் சொன்னால் பொருள் கிடைக்கும். நிஜம் சொன்னால் பொருள் போகும். இதற்குத் தங்க விளிம்பு வேறு.

"சாட்சி கொண்டாறேன்" என்றார்.

சாட்சி கொல்லைப்பக்கம் முதல் பந்தியில் இருந்தார். பெயர் வெட்டுகிற அழகுசுந்தரம் ஆசாரி. சேவுகன் இலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆசாரியாரே, மட்டையில வெட்டுனது நீங்கதானே?"

ஆசாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "வேற யாரு?" என்றார் மெதுவாக.

"வந்து அதச் சொல்லுங்க."

"அம்பலம், எத்தன அண்டாவுல வெட்டியிருக்கேன்! எவனாச்சும் எழுத்து நல்லாருக்குன்னு சொல்லியிருப்பானா? எழுத்து கொறையுது, கூலியக் கொறைன்னுதான் சொல்லுவான். இன்னைக்கு ஒரு மனுசன் கண்ணாடி வச்சுப் பாத்து, வளைவுல தயக்கம் இல்லன்னாரு. கண்ணுல தண்ணி விட்டாரு. எங்கையெழுத்துக்கு மொதமொதலா ஒரு சர்டிபிகேட்டு வந்திருக்கு. அதையும் வந்து நானே பொய்யின்னு சொல்லவா?" பாயசத்தை இலையில் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்: "அதோட, அடுத்த மாசம் இந்த வீட்டுப் பேத்தி கலியாணம். சீர் சாமான் பூராம் பேரு வெட்டணும்."

சேவுகன் எழுந்தார். கூடத்துக்குப் போகிற வழியில் வீரணன் மறித்துக்கொண்டான். அவன் முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு பணிவு.

"அண்ணே, மன்னிச்சுருங்க. இத்தன நாளாத் தப்பாப் பேசிப்புட்டேன். கையெழுத்து நெசம்னு மெட்ராஸ்காரரே சொல்லிட்டாரு. கால நீட்டுங்க."

பின்னால் சலூன் பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது. எதற்காக இவ்வளவு நாள் ஏங்கினாரோ அது எதிரே குனிந்து நிற்கிறது. பேசாமல் காலை நீட்டினால் போதும். மட்டையும் வரும், மானமும் வரும்.

சேவுகன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏண்டா, நெசமா அவரு எழுதுனத இத்தன நாளாக் கண்ணால பாத்தியே, அப்ப கோணக்கைன்னு சொன்ன! இடியாப்பக் கட்டையில வெட்டுற எழுத்தக் காட்டுனா கால்ல விழுகுறியா? எந்திரி! அந்தச் சர்டிபிகேட்டத்தானே கும்பிடுற? போய் அதுக்கு முன்னாடி விழு!"

நேரே செட்டியார் முன்னால் போய் நின்றார். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அது சாரங்கபாணி எழுதுனது இல்ல. ஒங்க வீட்டு விலாசம். ஒங்க ஆசாரி வெட்டுனது. சாரங்கபாணி எழுதுனத ஒங்க வீட்டுச் சீயக்காய் தின்னுருச்சு."

"அப்ப மட்டை எங்களுது" என்றார் செட்டியார். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை அழகாக எழுதினார்.

"விலாசம்னு ஒத்துக்கிட்டீகள்ல? அப்ப மேல 'சாரங்கபாணியின் மெய்க் கையொப்பம்'னு இருக்கே, அத அடிங்க!"

செட்டியார் நிஜமாகவே பதறிவிட்டார். "சான்றிதழ்ல அடிச்சுத் திருத்தக் கூடாது அம்பலம். செல்லாமப் போயிரும்."

கலாநிதி தலையசைத்து ஆமோதித்தார். அதுவரை நடந்ததில் அவருக்கு முழுக்க விளங்கியது அது ஒன்றுதான்.

திரும்புகிற பஸ்ஸில் சேவுகன் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் வீரணன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தான். "நான் அப்பவே நெனச்சேன்யா. அண்ணன் மட்டைன்னா சர்டிபிகேட்டுல எப்புடிச் செட்டியார் பேரு வரும்? இவரு என்னைக்குய்யா ஆடுனாரு?" பெஞ்சு சிரித்தது. சேவுகன் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில், அன்றைக்கு உருண்டபோது சரளைக்கல் கிழித்த தழும்பு ஒன்று இருந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டலாம். இது சரளைக்கல்தான் கிழித்தது என்று எழுதிக் கொண்டுவா என்பார்கள்.

வீட்டில் மலையம்மாள் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். "நல்லவேள, நம்ம கலியாணத்துக்குச் சர்டிபிகேட்டு வாங்கப் போகல" என்றாள். "என்னைத் தேச்சுக் கழுவிப் பேரு வெட்டி வச்சிருப்பாக." பிறகு அவளே, சேவுகன் கேட்காமலே, "தரையில உருண்டு எடுத்தீகளாக்கும் அந்தப் பந்த?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் சொல்லத் தொடங்கினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மெய்ப்பிப்புக் கழகம் அதற்குப் பிறகு கூடவில்லை. மெய்ப்பிக்க வேண்டியது மெய்ப்பித்தாகிவிட்டது. மட்டை வலையபட்டி வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே சட்டம் போட்ட சான்றிதழ். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மாவீரனின் எழுத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, வளைவில் தயக்கம் இல்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள்.

பெட்டிக்குக் கீழே செட்டியார் துப்புகிற படிக்கம் இருக்கிறது. அதிலும் தே.வெ. என்றுதான் வெட்டியிருக்கிறது.